நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை: ஒரு கேமின் காசைத் திரும்ப எடுத்த கதை

காசு வந்துவிட்டது. வங்கியின் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. ஆனாலும் கோபம் இன்னும் ஆறவில்லை. இங்கேயிருந்து ஒழுங்காகக் காசு கொடுத்து கேம் வாங்குகிற ஆக்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்குவதில் ஒரு சிக்கலும் இல்லை. கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிட வங்கிக்கு ஒரு கோல், பிறகு ஓடிபி, அவ்வளவுதான். கேமை விற்ற இணையக் கடைக்கு என் நாடு இலங்கை என்று தெரியும். கொழும்பு முகவரி போட்ட ரசீதுதான் மெயிலில் வந்தது.

கடையிலிருந்து இறங்கியது லோஞ்சர், அதாவது கேமை இறக்கித் திறந்துவிடுகிற சின்ன மென்பொருள் ஒன்று மட்டும். கேமின் மிச்சம் முழுவதும் அந்த லோஞ்சரைத் திறந்து வைத்தால்தான் இறங்கும். பகல் டேட்டாவில் இவ்வளவு பெரிய கேமை இறக்கினால் மாதக் கடைசியில் வீட்டில் இன்டர்நெட் இருக்காது. அதனால் இரவு டேட்டாவில் விட்டுவிட்டுப் படுத்தேன். விடிய எல்லாம் இறங்கியிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த தங்கச்சியின் மகன்தான் முதலில் திறந்தான். கேமைத் தயாரித்த நிறுவனத்தின் கணக்கு ஒன்று வேண்டுமாம், நாட்டைத் தெரிவு செய்யட்டாம். பட்டியலை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, ஸ்பெயினுக்கு அடுத்தது சுவீடன் வருது. ஸ்ரீலங்கா இல்லையே" என்றான்.

இது ஒருவர் தனியாக விளையாடுகிற கேம். இணையத்தில் எதிராளி இல்லை, போட்டி இல்லை. கள்ளப் பிரதியைத் தடுக்கத்தான் இந்தக் கணக்கு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். காசு கட்டின ஆள் கதவுக்கு வெளியே நிற்கிறான்.

தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். முதலில் இயந்திரப் பதில்கள். விடாமல் எழுதியதில் ஒரு மனிதர் வந்து, கிட்டவுள்ள நாடு ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார். அவர்களுடைய விதிமுறையை எடுத்து வாசித்தால், நாட்டைப் பொய்யாகக் கொடுத்தால் கணக்கை மூடலாம் என்று தெளிவாக இருக்கிறது. "நீங்கள் சொன்னபடி செய்தால் கணக்கை மூடமாட்டோம் என்று எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு முறைப்பாட்டை மூடிவிட்டார்கள். கிட்டவுள்ள நாட்டைத் தெரிவு செய்யச் சொன்ன அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பிறகு அதுதான் கைகொடுத்தது.

அடுத்தது கடை. ஸ்டீம், எபிக் போன்ற பெரிய கடைகளில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பித் தருவது வழக்கம். நான் வாங்கிய கடையிலும் அதே விதிதான். விண்ணப்பித்த கையோடு மறுப்பு வந்தது. நான் 7 மணித்தியாலத்துக்கு மேல் விளையாடிவிட்டேனாம்! கேமின் முதல் காட்சியைக்கூட நாங்கள் கண்டதில்லை. லோஞ்சர் திறந்திருக்கும் நேரம் முழுவதையும் விளையாடிய நேரமாகக் கடை எண்ணுகிறது. இரவு முழுக்க இறங்கிய நேரம்தான் அது. வேகமான இணைப்பு உள்ள நாட்டில் இது கால் மணித்தியாலத்தில் முடியும், யாருக்கும் வலிக்காது. நமக்கு இரண்டு மணித்தியாலமும் இறக்குவதற்குள்ளேயே போய்விடுகிறது.

வெள்ளவத்தையில் வங்கிக் கிளைக்குப் போனது வீண் அலைச்சல். "ஓடிபி நீங்களே போட்டிருக்கிறீங்க, இது மோசடி இல்லையே" என்று சொல்லி, கார்டுப் பிரிவுக்கு எடுக்கச் சொன்னார்கள். அங்கே எடுத்தால் திரும்பக் கிளைக்குப் போகச் சொன்னார்கள். வங்கி மூலம் காசைப் பிடுங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் கடை உங்கள் கணக்கையே பூட்டிவிடக்கூடும். அதில் இருக்கிற மற்றக் கேம்களையும் தொட முடியாமல் போகும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிந்த பையன் ஒருவனிடம் கேட்டேன். "அண்ணா, இதுக்கேன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க? கிராக் பண்ணினது இருக்கு, கணக்கும் கேக்காது, ஒண்டும் கேக்காது" என்றான். பூட்டை உடைத்த கள்ளப் பிரதியைத்தான் சொன்னான். அவன் சொன்னது உண்மை என்பதுதான் எனக்குச் சுட்டது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். கேம் செய்கிறவனுக்குக் காசு போகவேண்டும் என்று நம்புகிற ஆள் நான்.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் விளையாட பிளேஸ்டேஷன் கணக்குக் கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது, அந்தச் சேவையே இல்லாத நாடுகளில் வாங்கியிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஸ்டீமில் 177 நாடுகளில் விற்பனை நின்றது. எதிர்ப்பைத் தாங்காமல் சில நாளிலேயே சோனி பின்வாங்கியது. நான் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் கேம். அதற்காகக் கத்த அவ்வளவு பேர் இல்லை.

மறுப்புக்கு மேல் மறுப்பு வந்தாலும் விண்ணப்பத்தை விடவில்லை. முதலில் நீளமாக எழுதியதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் சுருக்கினேன்: "இலங்கை முகவரிக்கு விற்றிருக்கிறீர்கள். இலங்கையில் இதைத் தொடங்க வழி இல்லை என்பதற்குத் தயாரிப்பாளரின் கடிதம் இதோ." கூடவே நாட்டுப் பட்டியலின் படம், விளையாட விளையாடத் திறக்கிற சாதனைகளில் ஒன்றுகூடத் திறக்காத என் கேம் பக்கம், எந்த நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று லோஞ்சர் எழுதி வைத்திருந்த பதிவு. அந்தப் பதிவுதான் 7 மணித்தியாலக் கதையை உடைத்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி வந்தது, பிறகு காசு. எங்கள் வீட்டில் அன்றைக்கு வெற்றி விழாதான்.

காசைக் கடையின் வொலட்டில் (அந்தக் கடையிலேயே செலவழிக்கிற கணக்கில்) போடவா, கார்டுக்கு அனுப்பவா என்று கேட்பார்கள். கார்டு என்று சொல்லுங்கள், கொஞ்சம் சுணங்கினாலும் பரவாயில்லை. டொலர் மாற்றத்தில் போனதும் வங்கி பிடித்த கட்டணமும் திரும்பவில்லை. வாங்க முன்னம் கேமின் பக்கத்தில் 'வேறு கணக்குத் தேவை' என்ற சின்ன எழுத்தைத் தேடுங்கள். இருந்தால், காசு கட்ட முதல் அந்த நிறுவனத்தின் தளத்தில் கணக்கைத் திறந்து பாருங்கள், அது இலவசம். லோஞ்சருக்குள் இறங்குகிற கேம் என்றால் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

மருமகனுக்கு கொக் (GOG) என்ற இணையக் கடையில் வேறொரு கேம் எடுத்துக் கொடுத்தேன். 2008 முதல், கள்ளப் பிரதியைத் தடுக்கிற பூட்டு இல்லாத கேம்களை விற்கிறார்கள். நிறுவும் கோப்பை வெளி டிஸ்கில் போட்டு வைத்தால் இணையம் இல்லாமலே ஏற்றலாம். விளையாடிப் பார்த்த பிறகும், கேம் சரியாக ஓடாவிட்டால் 30 நாளுக்குள் காசு கேட்கலாம்.

காசைத் திரும்ப எடுத்த அந்தக் கேமின் பக்கத்தில் இலங்கை பற்றி எச்சரிக்கை போடும்படி கடைக்கு எழுதியிருக்கிறேன். இதை எழுதும்வரை பக்கம் மாறவில்லை. இங்கிருந்து இப்போதும் அதைக் காசு கட்டி வாங்கலாம்.