எல்லாத் தாளையும் மேலிருந்து கீழாக

வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் முதல் வாரத்திலேயே ஒன்று கண்ணில் படும். ரயில் நேர அட்டவணையைக் கொடுத்தாலும் சரி, சிறுகதையைக் கொடுத்தாலும் சரி, பெரும்பாலானவர்கள் இடது மேல் மூலையில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக்கொண்டே போவார்கள். ‘மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எந்த வண்டி இருக்கிறது?’ என்று கேட்டால்கூட, காலை ஐந்து மணி வண்டியிலிருந்துதான் தொடங்குவார்கள். அதே ஆள் தாய்மொழியில் அட்டவணை பார்க்கும்போது கண் நேராக இரண்டு மணிக்குப் போய்விடும். ஆங்கிலம் என்றாலே பாடப்புத்தகம், பாடப்புத்தகம் என்றாலே ஒரு சொல்லைக்கூட விடக்கூடாது என்று பள்ளிக்காலத்தில் ஏறிய பழக்கம் அது.

பலவகை வாசிப்புப் பொருள்கள் ஏன் வேண்டும் என்று கேட்டால் ‘சலிப்புத் தட்டாமல் இருக்க’ என்பதைத்தான் முதலில் சொல்வோம். அது சின்னக் காரணம். அட்டவணையில் தேட வேண்டும், செய்தியில் பாதியில் நிறுத்தத் தெரிய வேண்டும், கதையில் ஓட வேண்டும், ஒப்பந்தத்தில் சொல் சொல்லாக நிற்க வேண்டும். எங்கே எப்படி வாசிப்பது என்ற அந்தத் தேர்வைக் கற்றுக்கொடுக்கத்தான் பலவகைத் தாள்கள். இருபது விதமான தாள்களைக் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் ‘வாசித்துவிட்டுக் கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை எழுதுக’ என்று ஒரே வேலையைக் கொடுத்தால், காகிதம்தான் வீண்.

தாளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தெரியாத சொற்களின் அடர்த்தி. சொல்லறிவு பற்றி ஆராய்ந்த ஹுவும் பால் நேஷனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையைப் பிறர் உதவியின்றிப் போதுமான அளவு புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். 80 விழுக்காடு தெரிந்தவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. 98 விழுக்காடு என்றால் நூறு சொல்லுக்கு இரண்டு சொல்தான் தெரியாமல் இருக்கலாம். வகுப்பில் இதைச் சோதிப்பது எளிது. தாளின் நடுவிலிருந்து நூறு சொல் எண்ணி எடுத்து, தெரியாததன் கீழ் கோடு போடச் சொல்ல வேண்டும். ஆள் பெயர், ஊர்ப் பெயர் கணக்கில் வராது. கோடு இரண்டுக்குள் இருந்தால் அந்தத் தாளை வீட்டுக்கே கொடுத்துவிடலாம். மூன்று முதல் ஐந்து வரை என்றால் வகுப்பில் துணையோடு வாசிக்கலாம். பத்தைத் தாண்டினால், அதில் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை மட்டுமே கொடுக்கலாம். முழுவதும் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, வளர்ந்தவர்கள் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிடுவாரோ என்று கோடு போடவே தயங்குவார்கள். தாளில் பெயர் எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டு மொத்தமாக வாங்கிக்கொண்டால் உண்மை வெளியே வரும். இரண்டாவது ஓட்டை பெரியது. ‘புட் அப் வித்’ என்ற மூன்று சொற்களில் யாரும் கோடு போட மாட்டார்கள், மூன்றும் தெரிந்த சொற்கள். சேர்ந்தால் ‘சகித்துக்கொள்’ என்று பொருள் என்பது தெரியாதென்பதே அவர்களுக்குத் தெரியாது. வாக்கிய நீளத்தையும் அசைகளையும் எண்ணி எளிமையை அளக்கும் ஃப்ளெஷ் சூத்திரமும் இங்கேதான் ஏமாறுகிறது. அந்தக் கணக்குப்படி இது மிக எளிய தொடர். அதனால் கோடு போடச் சொல்வதோடு நிறுத்தாமல், ஏதாவது இரண்டு வரிகளைத் தாய்மொழியில் சொல்லச் சொல்லிப் பார்ப்பது நல்லது. வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியை இந்த ஐந்து நிமிடத்துக்குத் தளர்த்தினால் குடி முழுகிப்போகாது.

98 விழுக்காடு தெரிந்த நிலையில் நீளமாக வாசிக்க, படிநிலைப்படுத்திய கதைநூல்களை, அதாவது படிக்கு இத்தனை சொல் என்று வரையறுத்து எழுதியவற்றை, விட்டால் வேறு வழி குறைவு. ஆக்ஸ்ஃபோர்ட் புக்வர்ம்ஸ் வரிசையில் தொடக்கப் படி 250 தலைச்சொற்களில் (அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொற்களில்) நிற்கிறது. ஆறாம் படி 2500-இல். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலிஷ் செய்திகள் சுமார் 1500 சொற்களுக்குள், குட்டி வாக்கியங்களில் எழுதப்பட்டு மெதுவாக வாசிக்கப்பட்டவை. இப்படி எழுதப்பட்டவற்றை ‘அசல் ஆங்கிலம் இல்லை’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தினம் பத்துப் பக்கம் தடங்கலில்லாமல் ஓடிய கண்ணுக்கும், அசல் நாளிதழின் ஒரு பத்தியோடு மல்லுக்கட்டிய கண்ணுக்கும் மூன்று மாதத்தில் என்ன வித்தியாசம் என்று பார்த்தவர்கள் அப்படிப் பேசுவதில்லை.

ஆனால் மருந்துப் பெட்டியை யாரும் படிநிலைப்படுத்தித் தருவதில்லை. அங்கே உரையை அப்படியே வைத்துக்கொண்டு வேலையைத்தான் எளிதாக்க வேண்டும். ஒரு சாதாரண வலி மாத்திரைப் பெட்டியில் இரண்டு வாக்கியங்கள் இருக்கும்: நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று அல்லது இரண்டு மாத்திரை, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. இதில் புரியாத சொல் அநேகமாக இல்லை. ‘எத்தனை மாத்திரை?’ என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், பாடம் முடிந்ததென்று ஆசிரியரும் நினைத்துவிடுவார். கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள்: ஒருவர் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று நான்கு முறை இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டார். இரவு பத்து மணிக்கு வலி வருகிறது. போடலாமா?

பாதிப் பேர் போடலாம் என்பார்கள். நான்கு மணி நேரம் ஆகிவிட்டதே! முதல் வாக்கியத்தின்படி அது சரி. இரண்டாவது வாக்கியத்தின்படி மாலை ஆறு மணிக்கே எட்டு தீர்ந்துவிட்டது. அடுத்தது மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான். நான்கு மணிக்கொருமுறை இரண்டு என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வருகிறது, அது பெட்டி அனுமதிப்பதைவிட நான்கு அதிகம். அதாவது இரண்டு வாக்கியங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வாசித்தால்தான் விடை கிடைக்கும். தவறாகச் சொன்னவர்களுக்கு இலக்கணமோ சொல்லோ குறையில்லை. ஒரு வாக்கியத்தில் விடை கிடைத்ததும் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான். இருவர் இருவராகப் பிரித்து, தாளில் 24 மணி நேரக் கோடு ஒன்று வரைந்து மாத்திரைகளைப் புள்ளியாக வைக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் அவர்களே பிடித்துவிடுவார்கள். ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். வகுப்புக்குக் கொண்டுபோவது காலிப் பெட்டியாக இருக்கட்டும். மருந்து ஆலோசனை கேட்டால், அது மருந்தாளுநரின் வேலை என்று சொல்லிவிட வேண்டும்.

படிவங்களில் இவ்வளவு ஆழம் கிடையாது. பெரிய எழுத்தில் நிரப்பு, இது அலுவலக உபயோகத்துக்கு மட்டும், பொருந்தாது என்றால் இன்ன சுருக்கெழுத்து என்று நாற்பது சொற்களுக்குள் அந்த உலகம் முடிந்துவிடுகிறது. தேதியை மட்டும் கவனிக்க வேண்டும்: 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் மூன்று, இன்னொன்றில் மார்ச் நான்கு.

செய்தித்தாளில் தலைப்பும் உடலும் வெவ்வேறு இலக்கணத்தில் நடக்கின்றன. தலைப்பில் நிகழ்கால வினை நடந்து முடிந்ததைச் சொல்லும், ‘டு’ போட்ட வினை நடக்கப்போவதைச் சொல்லும், ‘இஸ்’, ‘ஆர்’, ‘த’ எல்லாம் காணாமல் போயிருக்கும். ‘த்ரீ ஹெல்ட் ஓவர் தெஃப்ட்’ என்பதில் மூவர் எதையோ பிடித்தார்களா, பிடிபட்டார்களா என்று குழம்புவது இயல்பு. விடுபட்ட ‘வேர்’ என்ற துணைவினையை அவர்களையே செருகச் சொன்னால் குழப்பம் தீரும். ஒரு தலைப்பை முழு வாக்கியமாக விரிப்பது, பிறகு முழு வாக்கியத்தைத் தலைப்பாகச் சுருக்குவது, இரண்டையும் மாறிமாறிச் செய்யலாம். பெயர்ச்சொற்களை வண்டி வண்டியாகக் கோர்த்த தலைப்புகளைக் கண்டு தமிழ்க்காரர்கள் மிரள்வதில்லை. ‘ஸ்கூல் பஸ் டிரைவர் ஸ்ட்ரைக் டாக்ஸ்’ தமிழிலும் அதே வரிசையில்தான் வரும்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வேலைநிறுத்தப் பேச்சுவார்த்தை.

அவர்கள் இடறுவது உடலில். ‘நேற்று நிறுவனத்தை விட்டு விலகிய மேலாளர்’ என்று தமிழ் அடைமொழியை முன்னால் கொட்டிவிட்டுப் பெயருக்கு வருகிறது. ஆங்கிலம் மேலாளரை முதலில் நிறுத்திவிட்டு, ‘ஹூ’ போட்டு, விலகிய கதையைச் சொல்லி, அதற்குப் பிறகுதான் முதன்மை வினைக்கு வருகிறது. வாசிப்பவர் ‘ஹூ’வுக்கு அடுத்த வினையையே வாக்கியத்தின் வினை என்று எடுத்துக்கொண்டு, உண்மையான வினை வரும்போது கையைப் பிசைகிறார். மருந்து ஒன்றுதான்: பென்சிலால் ‘ஹூ’விலிருந்து அந்தத் துணைவாக்கியம் முடியும் இடம் வரை அடைப்பு போட்டு, அடைப்பை விட்டுவிட்டு ஒருமுறை வாசிக்க வேண்டும். ஒரு தாளில் நான்கு வாக்கியம் போதும். எல்லா வாக்கியத்துக்கும் அடைப்பு போடச் சொன்னால் அது வாசிப்பு இல்லை, கணக்குப் பாடம்.

செய்தியில் சொல்லிக்கொடுக்க வேண்டிய இன்னொன்று, நிறுத்துவது. முக்கியமானது மேலே, உதிரி கீழே என்றுதான் செய்தி எழுதப்படுகிறது. முதல் இரண்டு பத்திகளோடு தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி ‘இதற்குமேல் உங்களுக்கு வேண்டுமா?’ என்று கேட்டால், முதலில் எல்லோரும் சங்கடப்படுவார்கள். முடிக்காமல் வைப்பது தப்பு என்று மனதில் பதிந்திருக்கிறது.

ஒரே விஷயத்தைப் பல தாள்களில் வாசிப்பது மிகுந்த பலன் தரும், ஆனால் நாம் அதிகம் செய்வதில்லை. வெள்ளம் என்று எடுத்துக்கொண்டால் வானிலை எச்சரிக்கை, குட்டிச் செய்தி, காப்பீட்டுப் படிவம், ஒருவர் எழுதிய புகார்க் கடிதம் என நான்கு தாள். முதல் தாளில் எட்டுச் சொல் புதிதாக இருந்தால் அவற்றில் பாதி இரண்டாவதில் திரும்ப வரும். நான்காவது கைக்கு வரும்போது அவை பழகிப்போயிருக்கும். வாரத்துக்கு ஒரு தலைப்பு என்று தாவுகிற பாடத்திட்டத்தில் ஒவ்வொரு வாரமும் சுமை புதிதாகவே ஏறுகிறது. நான்கு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, தன் தாளில் உள்ளதை மற்றவர்களுக்குச் சொல்ல வைத்தால், கலப்பு நிலை வகுப்பிலும் ஓரளவு சமாளிக்கலாம்: புதியவருக்கு எச்சரிக்கை, தேர்ந்தவருக்குக் காப்பீடு.

கேள்விகளைப் பற்றி. ‘கொப்பலன் நேற்று மூன்று விடுளைகளைத் தவுளினான்.’ எத்தனை விடுளைகள்? மூன்று. என்ன செய்தான்? தவுளினான். யார்? கொப்பலன். முழு மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று, ஒன்றும் புரியவில்லை. பாடநூல் கேள்விகளில் பெரும்பகுதி இந்த ரகம். உரையில் உள்ள சொல்லைத் தூக்கிக் கொடுத்தால் போதும் என்கிற கேள்வியை விட்டுவிட்டு, உரையை வைத்து எதையாவது முடிவெடுக்க வைக்கும் கேள்வியைக் கேட்க வேண்டும்: இவர் பணம் திரும்பக் கேட்கலாமா, எத்தனை மணிக்குள் போக வேண்டும், இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டுமா.

உரக்க வாசிக்கச் சொல்வது இன்னொரு தொல்லை. வளர்ந்த ஆள் நாலு பேர் முன்னால் ஆங்கிலம் வாசிக்கும்போது கவனம் முழுவதும் உச்சரிப்பில் இருக்கும். முடித்ததும் ‘என்ன வாசித்தீர்கள்?’ என்றால் விழிப்பார். முதலில் மௌனமாக வாசிப்பது, பிறகு ஆசிரியர் வாசிக்க அவர்கள் கண்ணால் தொடர்வது. உச்சரிப்புப் பயிற்சி வேறொரு நாள். அகராதிக்கும் இதே கண்டிப்பு. முதல் சுற்றில் தொடவே கூடாது, இரண்டாவதில் ஐந்து சொல். எந்த ஐந்து என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்: இரண்டு முறைக்கு மேல் வந்தது, அல்லது அது இல்லாமல் வாக்கியமே நகராதது. பொருளை வரிகளுக்கு நடுவே எழுதினால் மறுமுறை கண் தமிழை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடும். தாளின் பின்பக்கம், சொல்லைத் தனியாக இல்லாமல் தொடராக எழுதச் சொல்ல வேண்டும்.

உரையை நாமே எளிமைப்படுத்தும்போது நடக்கும் கெடுதல் சீக்கிரம் தெரியாது. நீள வாக்கியத்தை மூன்றாக வெட்டும்போது ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ எல்லாம் கழன்றுவிடும். வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன, ஆனால் எது காரணம், எது விளைவு என்பதை இப்போது வாசிப்பவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. இணைப்புச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, கடினமான பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் நாலு சொல் விளக்கம் சேர்ப்பது நல்லது. தாள் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

அச்சு 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த நாளில் ‘புரியவில்லை’ என்பார்கள், ‘தெரியவில்லை’ என்று சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு தாளையும் ஓர் உறையில் போட்டு, உறைமேல் தேதி, எடுத்த நேரம், எந்தக் கேள்வி படுத்துவிட்டது என்பதைக் குறித்து வைத்தால் அடுத்த குழுவுக்கு உதவும். நேர அட்டவணை, விலைப்பட்டியல், கைபேசித் திட்ட விளம்பரம் எல்லாம் ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டியவை. கதைநூலையும் கடிதத்தையும் கிழியும்வரை வைத்திருக்கலாம்.