காலியிடம் நெறைய வருதுன்னா வேலை பெருகுதுன்னு அர்த்தமா?

நான் தபால் துறைல மெயில் ஓவர்சியர், அது என்ன வேலைன்னு நெறைய பேருக்குத் தெரியாது. சப் டிவிஷனுக்குக் கீழ இருக்குற பிராஞ்ச் ஆபீஸ், அதாவது கிராமத்து சின்ன போஸ்ட் ஆபீஸ், ஒவ்வொண்ணா போய் கேஷ், ஸ்டாம்ப், பாஸ்புக் எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும். அப்படி சுத்துறதால எந்த ஊர்ல யாரு புதுசா வந்தா, யாரு கிளம்பிட்டான்னு எனக்கு அத்துப்படி.

ஜிடிஎஸ், அதாவது கிராமத்து போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாக்குற கிராமின் டாக் சேவக், அதுக்கு ஆள் எடுக்குற நோட்டிபிகேஷன் வந்தா போதும், தபால் துறைல ஆயிரக்கணக்குல வேலைன்னு பேப்பர்ல வந்துடும். தமிழ்நாடு சர்க்கிள் காலியிடக் கணக்க மட்டும் பாருங்க. 2022ல 4310, 2023 ஜனவரில 3167, அதே வருஷம் ஜூலைல 2994, 2024ல 3789, 2025ல 2292. கூட்டினா பதினாறாயிரத்தைத் தாண்டுது. அத்தனை புது ஆபீஸா தொறந்துட்டாங்க? நான் போற ஊர்கள்ல புதுசா ஒண்ணும் பெருசா வரல, அதே பழைய ஆபீஸ்தான், ஆள் மட்டும் வர்றதும் போறதுமா இருக்காங்க, ஒரு தடவ ரொப்பின இடமே அடுத்த லிஸ்ட்லயும் நிக்குது.

காரணம் ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல. பரீட்சை கிடையாது, பத்தாவது மார்க்தான் எல்லாமே, அதனால தொண்ணூத்தஞ்சு சதவீதத்துக்கு மேல வாங்குன பிள்ளைங்கதான் லிஸ்ட்ல வருது. அவ்ளோ மார்க் வாங்குன பிள்ள நாலு மணி நேர வேலைக்கு பிபிஎம்னா (பிராஞ்ச் போஸ்ட்மாஸ்டர்) மாசம் 12,000, ஏபிபிஎம்னா (அவருக்கு உதவியா இருக்குறவர்) 10,000, அதுக்கு மேல டிஏ, இத நம்பி வாழ்க்கை பூரா உக்காந்திருக்குமா? (இந்த ரேட் 2018ல வந்தது, ஜிடிஎஸ் சம்பளத்தப் பத்தி ஆராய்ஞ்ச கமலேஷ் சந்திரா கமிட்டி சொல்லி.) இதுல பிபிஎம் அந்த ஊர்லயே தங்கணும், ஆபீஸுக்கு இடமும் அவங்களே பாத்துக்கணும். எங்கியோ தர்மபுரிலேருந்து டெல்டா பக்கம் வந்த பையன் ரூம் வாடகை குடுத்து, ஓட்டல்ல சாப்பிட்டு, ஊருக்கும் போய்ட்டு வந்தா கையில என்ன மிஞ்சும். மேஜைக்கு அடியில குரூப் 4 புக்கு இருக்கும், நானும் பாக்காத மாதிரி வந்துடுவேன். பேங்க் ரிசல்ட்டோ டிஎன்பிஎஸ்சி ரிசல்ட்டோ வந்துச்சுன்னா அடுத்த மாசமே ராஜினாமா லெட்டர். அப்புறம் ஏபிபிஎம் இடம் காலின்னா பிபிஎம்மே கம்பைன்ட் டியூட்டில டெலிவரியும் பாக்கணும், காலைல கவுன்டர், மத்தியானம் வெயில்ல ஸ்கூட்டி.

முன்னாடி இந்த ஜிடிஎஸ் ஆளுங்கள இடி-ன்னு (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்) சொல்லுவோம்ல, அந்தக் காலத்துல இப்படி இல்ல. மளிகைக் கடைக்காரர், வாத்தியார், நெலம் வச்சிருக்குறவர், இவங்கதான் போஸ்ட்மாஸ்டர். வேற வருமானம் இருக்கணும்னு ரூல்லயே இருந்துச்சு, அதனால குடுக்குற கொஞ்ச காச வச்சே 65 வயசு வரைக்கும் ஓட்டுனாங்க. ரெகுலர் ஸ்டாஃப் மாதிரி பென்ஷன் கிடையாது, ஆனா ஊர்ல ஒரு மரியாதை.

அதுக்காக அந்தக் காலம்தான் பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். நெறைய ஊர்ல அந்த வேலை ஒரே குடும்பத்துக்குள்ளயே சுத்துச்சு. இன்னிக்கு என் ஏரியால முக்கால்வாசி ஆபீஸ்ல உக்காந்திருக்குறது பொண்ணுங்க, நல்ல மாற்றம்தான். 2018ல இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வந்ததுக்கு அப்புறம் போன்லயே பாதி வேலை. கைரேகை வச்சு மகளிர் உரிமைத் தொகைய எடுத்துக் குடுக்குறது, பென்ஷன்காரங்களுக்கு லைஃப் சர்டிபிகேட் போடுறது, செல்வமகள் அக்கவுன்ட் ஆரம்பிக்கிறதுன்னு இந்தப் பிள்ளைங்க சரசரன்னு முடிக்குதுங்க. 2025ல ரிஜிஸ்டர் தபாலையே ஸ்பீட் போஸ்ட்டோட சேத்தாச்சு, லெட்டர் கொறஞ்சுது, பார்சலும் பணமும்தான் கூடுது. ரூல்படி நாலு மணி நேர வேலை, அது நாலு மணி நேரத்துல முடியுதான்னு மட்டும் அவங்ககிட்ட கேட்டுடாதீங்க.

நெலச்சு நிக்கிறவங்கன்னு பாத்தா, பக்கத்து ஊருக்கே கட்டிக் குடுத்த பொண்ணுங்க, வீட்டுல வெவசாயம் இருக்குறவங்க, அப்புறம் சர்வீஸ் ஆனதும் டிபார்ட்மென்ட் எக்ஸாம் எழுதி போஸ்ட்மேன் ஆயிடலாம்னு காத்திருக்குறவங்க. இந்தக் கடைசி கூட்டம்தான் வேலையில கெட்டி, கணக்கும் சுத்தமா வச்சிருக்கும். அவங்க பாஸ் பண்ணி டவுனுக்குப் போய்ட்டா அந்த இடமும் அடுத்த நோட்டிபிகேஷன்ல ஏறிடும், பேப்பர்காரங்க அதையும் புது வேலைன்னு எண்ணிக்குவாங்க.