முதல் சுங்கான்: மலிவில் மூன்றை வைத்துப் பார்த்த ஐந்து கிழமைக் குறிப்பு

முதல்முறை சுங்கான் (புகைக்குழாய்) வாங்குபவர்களின் கண் மரத்தின் கோடுகளிலும் மினுக்கத்திலும்தான் போய் நிற்கும். பார்க்கவேண்டியது புகை வரும் துளையை. துளை சரியாக விழுந்த அவலட்சணமான சுங்கான் கடைசிவரை உலர்ந்த புகை தரும். துளை பிழையாக விழுந்த வடிவான சுங்கான் பாதியிலேயே களகளக்கும், நாக்கைச் சுடும். இந்த ஐந்து கிழமையும் சோதித்தது இதைத்தான்.

மேசையில் இருந்தவை மூன்று. (அ) புதிய சோளப்பொத்திச் சுங்கான். (ஆ) பெயர் தெரியாத, புதிய, மலிவு பிரையர். (இ) வாய்க்குழாய் பச்சை பூத்துப்போன, பாவித்த பழைய பிரையர். (ஆ)வும் (இ)யும் ஏறக்குறைய ஒரே விலை. (அ)வின் விலை அவற்றில் ஒரு சிறு பங்குதான். மூன்றிலும் ஒரே புகையிலை, ஒரே அளவு.

பிரையர் என்றால் என்ன என்று ஒரு வரி. எரிக்கா ஆர்போரியா என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு பற்றை மரம். அதன் வேருக்கும் தண்டுக்கும் இடையில் திரளும் முண்டுதான் பிரையர். அதை வெட்டிக் கட்டைகளாக்கி, பல மணி நேரம் அவித்துச் சாறும் துவர்ப்பும் இறக்கி, மாதக்கணக்கில் நிழலில் காயவைக்கிறார்கள். பிரான்சின் சேன் குளோட் ஊரில் 1850களில் இருந்து இதில் சுங்கான் கடைகிறார்கள். நெருப்பைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சி மெதுவாக விடும். வேம்பிலோ பாலையிலோ கடைந்து பார்க்க ஆசை வரலாம். வேம்பு கசக்கும், வேறு பல மரங்கள் உள்ளே கருகும். முதல் சுங்கானில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

முதல் நாள்: அளவு

வாய்க்குழாயைக் கழற்றி, புகையிலை போடும் கிண்ணத்துக்குள் டோர்ச் அடித்து, பஞ்சுக்கம்பியை (சுங்கான் துடைக்கும், பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) தண்டு வழியாக விட்டோம். தண்டு என்பது கிண்ணத்தையும் வாய்க்குழாயையும் இணைக்கும் பகுதி. கம்பியின் நுனி கிண்ணத்தின் அடித்தளத்தைத் தொட்டபடி, நடுவில் வெளிவர வேண்டும். (இ)யில் அப்படியே வந்தது. (ஆ)வில் தளத்துக்கு 3 மி.மீ. மேலே வந்தது. அந்த 3 மி.மீ. பள்ளத்தில் கிடக்கும் புகையிலைக்குள்ளால் காற்று போகாது, அது எரியாது. மேலிருந்து இறங்கும் ஈரம் முழுக்க அங்கே தேங்கும். துளை ஒரு பக்கம் சரிந்து வந்தால் அதைவிட மோசம். அந்தப் பக்கச் சுவர் மட்டும் கூடச் சூடாகி, நாளடைவில் கருகி ஓட்டை விழும்.

அடுத்தது முளை. வாய்க்குழாயின் முளை நீளம் 16 மி.மீ., தண்டில் அது இறங்கும் குழியின் ஆழம் 19 மி.மீ. என்று (ஆ)வில் வந்தது. நடுவில் 3 மி.மீ. வெற்றிடம். சூடான புகை அங்கே வந்து விரிந்து குளிர்ந்து தண்ணீராகும். களகள சத்தத்தின் ஊற்று பெரும்பாலும் இதுதான். ஒரு மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. (இ)யில் தாள் நுழையும் அளவுதான் இருந்தது.

கிண்ண விட்டம் 19 மி.மீ., ஆழம் 38 மி.மீ., சுவர் 6 மி.மீ. என்பது தொடங்குபவருக்குப் பொருத்தமான அளவு. அடித்தளமும் 6 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கவேண்டும். பல்லில் கவ்வ நினைத்தால் முழு எடை 45 கிராமுக்குள் வரட்டும். புகைத்துளை 3.5 முதல் 4 மி.மீ. நேரான சுங்கானில் வாய்க்குழாயைக் கழற்றாமலே பஞ்சுக்கம்பி கிண்ணம்வரை போகவேண்டும்.

கடைசியாக மேற்பூச்சு. வெள்ளைத் துணியை நனைத்துத் துடைத்தால் (ஆ) சிவப்பாகச் சாயம் விட்டது. நகத்தால் தட்டினால் இரண்டு இடத்தில் மரத்தின் சத்தம் இல்லை. பொடி வைத்து அடைத்த இடங்கள். அடைப்பு இருப்பதால் புகையில் குறை ஏதும் வராது, விலை குறைய அதுதான் காரணம். தடித்த வார்னிஷ் பூச்சுத்தான் பிரச்சினை. சூட்டில் கொப்பளித்து உரியும். காசு குறைவாக இருந்தால் வழவழப்பான முகத்தை விட்டுவிட்டு, மணல் ஊதிய அல்லது கொத்திய முகமுள்ளதை எடுங்கள். அதே கட்டை, அதே துளை, விலை குறைவு.

2ஆம் நாளிலிருந்து: பாவித்ததைத் துப்புரவாக்கல்

(இ)யின் கிண்ணத்துக்குள் வாய்ப்பக்கம் 3 மி.மீ. கரிப்படை. ஒரு மில்லிமீற்றர் படை மரத்துக்குக் காப்பு. அதற்கு மேல் போனால் சூட்டில் கரி விரிகிற அளவும் மரம் விரிகிற அளவும் ஒத்துப்போகாமல் கிண்ணம் வெடிக்கும். கத்தி விட்டுச் சுரண்டக்கூடாது, வட்டம் கெட்டுவிடும். கிண்ணத்துக்குள் நுழையும் உருளைக் குச்சியில் 120 இலக்க அரத்தாள் சுற்றி, ஆறுதலாகத் திருகி, மரம் தெரியும்வரை எடுத்தோம். பழையதில் சுவர் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேறு வழியில்லை. நகத்தால் அழுத்தியபோது பொடியாகும் இடம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் அது உள்ளே கருகிய சுங்கான், அத்தோடு விட்டுவிடவேண்டியதுதான்.

அடுத்து ஸ்பிரிட். கிண்ணம் நிறையப் பஞ்சு, தண்டுக்குள் பஞ்சுத் திரி, அதன்மேல் 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் துளித்துளியாக விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை. தண்டின் வாய் கிண்ண விளிம்பின் மட்டத்துக்கு வரும்படி சரித்து, பேணி ஒன்றுக்குள் நிறுத்தி ஓர் இரவு. காலையில் பஞ்சு தேயிலைச் சாயம்போல் இருந்தது. மூன்றாவது முறைதான் வெள்ளை மாறாமல் வந்தது. பலர் பஞ்சுக்குப் பதில் உப்பு போடுவார்கள். உப்பு தண்டுக்குள் இறங்கி ஈரம் குடித்தால் தண்டு பிளக்கும் ஆபத்து உண்டு, பஞ்சே போதும். மருந்துக்கடையில் 70 வீதம் என்று தருவதில் மிச்சம் தண்ணீர், மரம் ஊறும். நிறம் போட்ட மெதிலேற்றட் ஸ்பிரிட்டை வாயில் வைக்கும் பொருளுக்குத் தொடவே கூடாது. வெளிமுகத்தில் ஸ்பிரிட் பட்டால் சாயம் போகும், அங்கே கவனம்.

உலர இரண்டு நாள் போதும் என்பது காய்ந்த நாட்டுக் கணக்கு. இங்கே மூன்று நாள் விட்டும் தண்டுக்குள் ஸ்பிரிட் மணம் இலேசாக இருந்தது. நான்காவது நாள்தான் போனது.

வாய்க்குழாய் எபோனைட். பேனாக் கடைக்காரருக்குத் தெரிந்த அதே பொருள்: கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டால் பச்சை கலந்த மண்ணிறமாகும், வாயில் கைக்கும். முதலில் பல் பதிந்த பள்ளங்கள். கொதி நின்ற சுடுநீரில் நுனியை மட்டும் ஒரு நிமிடம் பிடித்தால் பள்ளம் தானாகவே மேலே எழும்பும். எபோனைட்டுக்குப் பழைய வடிவம் ஞாபகம் இருக்கிறது. முழுவதையும் அமிழ்த்தினால் வளைவும் நிமிர்ந்துவிடும். பிறகு 400, 800, 1500, 2000 இலக்க அரத்தாள்கள், எல்லாம் தண்ணீரோடு. 400இல் தேய்க்கும்போது வரும் தண்ணீர் மண்ணிறம், கந்தக மணம் மூக்கில் அடிக்கும். தண்ணீர் கறுப்பாக வரத் தொடங்கினால் நல்ல பகுதிக்கு வந்துவிட்டீர்கள், அடுத்த தாளுக்குப் போகலாம். தண்டோடு சேரும் விளிம்பு மழுங்கினால் பொருத்து என்றைக்கும் இடைவெளி காட்டும். யோகட் கோப்பையின் மூடியில் வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, முளையில் கோத்துவிட்டுத் தேய்த்தால் விளிம்பு தப்பும்.

7ஆம் நாள்: (ஆ)வின் பள்ளத்தை நிரப்பல்

துளையைக் கீழே இறக்க முடியாது. தளத்தை மேலே உயர்த்தலாம். அதற்குச் சுருட்டுச் சாம்பலும் தண்ணீரும் போதும், சுருட்டுக் குடிக்கும் ஊரில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. கரித்துண்டு இல்லாமல் சலித்து, திருநீறு குழைக்கும் பதத்துக்குக் குழைத்து, நெருப்புக்குச்சியின் பின்பக்கத்தால் சிறிது சிறிதாகப் பள்ளத்தில் அப்பவேண்டும். அப்பும் நேரம் முழுக்கப் பஞ்சுக்கம்பி துளைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் வழி அடைபடும். முதல் தடவை வெயிலில் வைத்ததில் ஒரு மணி நேரத்தில் நடுவே வெடித்தது. சுரண்டி எடுத்து மறுபடி அப்பி, மூன்று நாள் நிழலில் விட்டதும் கல்லாக இறுகியது. பாவிக்கப் பாவிக்கக் கரியோடு சேர்ந்து இன்னும் இறுகும்.

முளைக்கும் குழிக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. முளையின் துளை மட்டும் 2.5 மி.மீ. ஆக இருந்ததை 3.5 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகிப் பெருப்பித்தோம். மோட்டாரில் பூட்டினால் சூட்டில் உருகிப் பிசகும்.

11ஆம் நாளிலிருந்து: புகை

ஈரம்தான் இங்கே முதல் எதிரி. இரண்டு விரலால் நசுக்கி விட்டால் புகையிலை ஒட்டிக்கொண்டு நிற்காமல் மெதுவாக விரியவேண்டும். மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் பரப்பியும் விரியவில்லை. காற்றிலேயே ஈரம் இருக்கும்போது காற்றடித்து என்ன பயன்? காலை வெயிலில் தட்டில் 10 நிமிடம் வைத்ததும் சரியாயிற்று.

நிரப்புவது மூன்று தடவை. விளிம்புவரை தளர்வாகக் கொட்டி, குழந்தை கை வைப்பதுபோல் அமத்தினால் பாதிக்கு இறங்கும். மறுபடி கொட்டிக் கொஞ்சம் கூட அமத்தினால் மூன்றில் இரண்டு. கடைசி அமத்தல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். பற்றவைக்குமுன் இழுத்துப் பாருங்கள், காற்று இலேசாக மறிக்கவேண்டும். முதல் நெருப்பில் மேற்பரப்பு பொங்கி எழும்பும். தட்டையான ஆணித்தலையால் மெல்ல அமத்தி, இரண்டாவது நெருப்பு. அதுதான் உண்மையான பற்றவைப்பு. பெற்றோல் லைற்றரின் மணம் புகையில் ஏறும், நெருப்புக்குச்சி நல்லது, கந்தகம் எரிந்து முடியும்வரை ஒரு நொடி பொறுத்து. நிமிடத்துக்கு இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் வேண்டாம், நுரையீரலுக்குள் எடுக்கவே வேண்டாம். உள்ளே எடுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு. இலங்கைச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்கவும் முடியாது.

(அ) முதல் நாளிலேயே நன்றாகப் புகைந்தது. சோளத்தக்கை ஈரத்தைக் குடித்துவிடும், பழக்கவேண்டியதில்லை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து வாஷிங்டன் நகரில் 1869இலிருந்து இதைச் செய்கிறார்கள். தண்டு கிண்ணத்துக்குள் சிறிது நீட்டிக்கொண்டிருக்கும். அது கருகுவது குற்றமல்ல. (இ) 50 நிமிடம், கன்னத்தில் வைத்தால் இளஞ்சூடு, அடியில் மிஞ்சியது நரைத்த பொடிச் சாம்பல் மட்டும். (ஆ)வில் 20ஆவது நிமிடம் களகளப்பு தொடங்கியது. பஞ்சுக்கம்பி விட்டு எடுத்தால் நிற்கும், பத்து நிமிடத்தில் திரும்ப வரும். சாம்பல் அப்பியதால் அடிப்புகையிலை முழுக்க எரிந்தது, அந்தக் குறை தீர்ந்தது. வெற்றிடத்தின் குறை அப்படியே நின்றது.

ஆகவே கையில் உள்ள காசுக்கு பெயர் தெரியாத புதிய பிரையர் வேண்டாம். சோளப்பொத்தி ஒன்றை வாங்கிப் பழகிக்கொண்டு, துளை நேரான பாவித்த பிரையருக்குக் காத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுவதானால் இரண்டு படம் கேளுங்கள்: நேர் மேலிருந்து கிண்ணத்தின் உட்புறம், வாய்க்குழாய் கழற்றிய நிலையில் முளை. முகப்புப் படத்தில் ஒன்றும் தெரியாது.

4ஆம் கிழமை: ஊர்ப் புகையிலை

ஒல்லாந்தர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்திலிருந்து திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய இலை வீட்டு வாசலில் கிடைக்கும்போது இறக்குமதிப் புகையிலை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சுருட்டு இலையை 2 மி.மீ. கீலமாக அரிந்து (அ)வில் போட்டுப் பார்த்தோம். எரிவது சிக்கலில்லை, காரம்தான் சிக்கல். சாப்பிட்ட பின், கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். விக்கலோ தலைச்சுற்றோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதன் மணம் கிண்ணத்தைவிட்டு இலகுவில் போகாது. இதைப் பிரையரில் போடவேண்டாம், இதற்கென்றே ஒரு சோளப்பொத்தி இருக்கட்டும்.

5ஆம் கிழமை: பராமரிப்பு

சூடாக இருக்கும்போது வாய்க்குழாயைக் கழற்றாதீர்கள். மரம் ஈரத்தில் ஊதி முளையைப் பிடித்திருக்கும், திருகினால் முளை முறியும். முழுக்க ஆறியபின் ஒரே திசையில் திருகி எடுத்து, பஞ்சுக்கம்பி விட்டு, தண்டின் குழியை மடித்த பஞ்சுக்கம்பியால் துடைத்து, கிண்ணம் கீழும் தண்டு மேலுமாகச் சாய்த்து வையுங்கள். ஒரு தடவை பாவித்தால் இரண்டு நாள் ஓய்வு. கைவினைக்கென்று புத்தகக்கடையில் விற்கும் நிறக்கம்பிகள் செயற்கை நார், ஈரம் குடிக்காது.

இந்தக் கிழமை இரண்டு நாள் மழை. பொலித்தீன் பையில் வைத்திருந்த (ஆ)வின் கிண்ணத்துக்குள் வெண்பூஞ்சணம். திறந்த தட்டில் இருந்த மற்ற இரண்டிலும் இல்லை. ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு முறை துடைத்து நான்கு நாள் காற்றாட விட்டோம். அதே மழையில் (இ)யின் முளை இறுகிப்போயிற்று. எண்ணெய் வேண்டாம், மரம் குடித்துவிடும். முளையைச் சுற்றி 4பி பென்சிலால் கீறியதும் தளர்ந்தது. இப்போது விரலால் திருகினாலே போய் உட்காருகிறது.