கிணற்றுக்கு எத்தனை அடி

கொழும்பில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 16 வருடமாக வேலை செய்கிறேன். கிணற்று நீர், குழாய்க் கிணற்று நீர், ஹோட்டல் தாங்கி நீர், போத்தல் நீர் என்று எது வந்தாலும் முதலில் எங்கள் மேசைக்குத்தான் வரும். 100 மில்லிலீட்டரை அளந்து, வட்டமான மெல்லிய வடிதாளுக்கு மேல் ஊற்றி உறிஞ்சி இழுத்து, அந்தத் தாளைத் தட்டில் வைத்து, 44.5 பாகை வெப்பத்தில் ஒரு நாள் விடுவோம். மறுநாள் தட்டைத் திறந்தால் கதை தெரிந்துவிடும். நீலப் புள்ளிகள் இருந்தால் எங்கோ மலம் கலக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் குழி இருக்கும். 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பீ.எச்.ஐ. மார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 6 பேர்ச் காணியில் வீடு கட்டுகிறவர் 50 அடிக்கு எங்கே போவார்? காணியின் ஒரு பக்கமே 40 அடிதான் வரும்.

நிலத்தடி நீர் என்ற பேச்சை அதுவரை இந்த மேசையைச் சுற்றித்தான் கேட்டிருந்தேன். 2020இல் அது செய்திக்கு வந்தது. கொவிட்டால் இறந்தவர்களைப் புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும், ஆகவே எல்லோரையும் எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. 800 முதல் 1,200 பாகை வெப்பத்தில், 45 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் வந்த விதி அது. அதற்கு இரண்டரைக் கிழமை முன்னாலேயே, புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எழுதியிருந்தது. தொற்று நோயால் இறந்தவரை எரிக்கத்தான் வேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை என்றும் அதே ஆவணத்தில் இருந்தது.

முதல் சில கிழமைகளுக்காக நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். புது நோய். நானும் கத்தரிக்காயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் மே போனது, ஜூன் போனது, உலகமெல்லாம் புதைத்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் விதி மட்டும் அசையவில்லை.

இந்த இடத்தில் தொழில் விஷயம் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் வடிதாளின் துளை 0.45 மைக்ரோன். கொரோனா வைரஸ் ஏறக்குறைய 0.1 மைக்ரோன்தான், அது நழுவிப் போய்விடும். எங்கள் தட்டில் வைரஸ் தெரியாது. அதனால் இதைப் பற்றிச் சோதித்துச் சொல்லும் வசதி எங்களிடம் இருக்கவில்லை. ஆனால் படித்தது இருந்தது. இந்த வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை உண்டு, சவர்க்காரம் பட்டாலே அது கரைந்துபோகும். தண்ணீரில் நின்று பிடித்துப் பரவுகிற ஈரல் அழற்சி ஏ, போலியோ போன்ற வைரஸ்களுக்கு அந்தப் போர்வை இல்லை, அவைதான் முரட்டு ஆட்கள். அப்புறம், தண்ணீருக்குத்தான் பயம் என்றால் உயிரோடு இருக்கிற நோயாளிகளை அல்லவா முதலில் பார்க்கவேண்டும்? அவர்களின் மலத்தில் வைரஸின் தடயம் இருந்ததை உலகம் முழுக்கக் கழிவுநீரில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கக்கூஸ் குழிகளைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. இறந்தவரின் கபுறு மட்டும்தான் தண்ணீருக்கு ஆபத்தாகத் தெரிந்தது.

எங்கள் ஆய்வுகூடத்தில் மாதிரி எடுக்கப் போவதும் போத்தல்களை அவித்துத் துப்புரவாக்குவதும் ஒரு முஸ்லிம் சகோதரரின் வேலை. வயதில் என்னைவிடப் பெரியவர். தமிழர், சிங்களவர் எல்லோருமே அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அந்த டிசம்பர் மாதம் அவருடைய மாமா வைத்தியசாலையில் இறந்தார். தகப்பன் இல்லாத நானாவைத் தூக்கி வளர்த்த தாய்மாமன். குளிப்பாட்டவில்லை, கபன் என்ற வெள்ளைத் துணி போடவில்லை. தூரத்தில் நின்று பார்க்க விட்டார்கள், அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்து வேலைக்கு வந்தார். வழக்கம்போலப் போத்தல்களுக்குள் தயோசல்பேற்றுத் துளிகளை விட்டுக்கொண்டிருந்தார். குழாய் நீரில் இருக்கிற குளோரினை முறிப்பதற்காக ஒவ்வொரு போத்தலிலும் அதை விடவேண்டும். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "தம்பி, ஒங்கட ஆக்கள் சாம்பல என்ன செய்ற?"

"கடலில கரைப்பம் நானா. மற்ற நாள் காடாத்திப்போட்டு முகத்துவாரத்துக்குக் கொண்டுபோவம்" என்றேன்.

"சட்டியில போட்டுக் கையில தந்தாங்க. எங்களுக்கு இதுக்கு ஒரு ஓதலும் இல்ல தம்பி. மாமி அதப் பாக்கவும் ஏலாம, வெளியில வைக்கவும் ஏலாம இரிக்கிறா."

மாதம்பிட்டி மயானத்தில் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த கை என் கை. எங்களுக்கு நெருப்பு என்பது கடைசி மரியாதை. அதனாலேயோ என்னவோ, அந்த வர்த்தமானி வந்த நாளில் எனக்கு அது அவ்வளவு உறைக்கவில்லை. எரிப்பதில் என்ன இருக்கிறது என்று ஒரு மூலையில் நினைத்திருப்பேன். அந்த மேசையில்தான் உறைத்தது. நான் அப்பாவுக்குச் செய்த அதே காரியம் இந்த மனிதரின் வீட்டில் ஒரு கொடுமையாக இறங்கியிருக்கிறது. கொண்டாடவும் முடியாமல் எறியவும் முடியாமல் ஒரு சட்டி அங்கே இருக்கிறது.

அதே டிசம்பரில்தான் பாணியும் வந்தது. கேகாலைப் பக்கத்தில் ஒருவர், காளி அம்மன் தனக்குச் சொல்லித் தந்தது என்று தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைக் கொடுத்தார். கொவிட் வராமல் காக்கும் என்றார். ஆயிரக்கணக்கானோர் அங்கே போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அந்தப் பாணியை எல்லோர் முன்னாலும் குடித்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால், நோய் போகட்டும் என்று மந்திரித்த நீர்க் குடங்களை அவர் ஆற்றில் போட்டதையும் நாடு பார்த்தது.

அம்மா என்னிடம் ஒரு போத்தல் கேட்டார். நாங்கள் கொட்டாஞ்சேனை ஆட்கள். முகத்துவாரம் காளி கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிற அம்மாவை அந்த வருடம் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தோம். "அம்மாளே சொன்னதென்றால் ஒரு வாய் குடித்தால் என்ன?" என்றார். குடியுங்கள், ஆனால் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள் என்றேன். அந்த நம்பிக்கையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. பயத்தில் தூங்காமல் கிடந்த கிழவிக்கு அது தூக்கம் கொடுக்கும் என்றால் கொடுக்கட்டும்.

ஆய்வுகூடத்துக்கும் அது வந்துவிட்டது. எங்களோடு வேலை செய்கிற ஒரு சிங்களத் தங்கச்சி, ஜாம் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து, மதியச் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு கரண்டி நீட்டினாள். அவளுடைய அப்பா வரிசையில் நின்று வாங்கியதாம். நானாவுக்கும் நீட்டினாள். மாமாவை எரித்து ஒரு கிழமைகூட ஆகாத மனிதர் வாங்கி நக்கிவிட்டு, "தேன் நல்லதுதான் மகள், எங்கட மார்க்கத்திலயும் அப்படித்தான் சொல்லி இரிக்கி" என்றார். காளி சொன்ன மருந்தைப் பௌத்தப் பிள்ளை கொடுக்க, முஸ்லிம் மனிதர் வாங்கிக் குடித்தார். அந்த மேசையில் மதத்துக்கும் மதத்துக்கும் சண்டை இருக்கவில்லை. மதத்துக்கும் அறிவியலுக்கும்கூட இருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, தட்டில் புள்ளி எண்ணப் போனோம்.

ஆனால் நாட்டில் நடந்தது வேறு. காளியின் பாணிக்கு அமைச்சர் ஆதாரம் கேட்கவில்லை. நானாவின் மாமாவை மண்ணில் வைப்பதற்கு மட்டும் நூற்றுக்கு நூறு ஆதாரம் வேண்டும் என்றார்கள். நிபுணர் குழுவின் முடிவு, நாங்கள் அறிவியலைத்தான் கேட்கிறோம் என்றார்கள். அதிகாரத்தோடு ஒட்டி நின்ற நம்பிக்கைக்கு அறிவியலின் கதவு தானாகத் திறந்தது. அதிகாரம் இல்லாதவரின் நம்பிக்கைக்கு அதே கதவு பூட்டுப் போட்டுக் கிடந்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் தொழிலின் பெயரை எடுத்து அந்தப் பூட்டைச் செய்திருந்தார்கள்.

டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம், எரிப்புக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளிவிட்டிருந்தது. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். அதன் பிறகு பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணிக் கீலங்களைக் கட்டினார்கள். கபன் சீலையின் நினைவாக. முஸ்லிம்கள் மட்டுமில்லை, எல்லா ஆட்களும் கட்டினார்கள். நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். இறங்கி ஒன்று கட்டியிருக்கலாம். இறங்கவில்லை.

ஜனவரியில் ஒரு பள்ளிவாசல் நிர்வாகிகள் மூன்று போத்தல் தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு கிணறு அவர்களுடைய மையவாடிக்குப் பக்கத்தில், ஒன்று தள்ளி. எங்கள் சோதனையில் வைரஸ் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன். "தெரியும் தம்பி. மூணு தலைமுறையா அடக்கம் செய்த மண். அதால கிணறு கெட்டிருக்கா என்று மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர்களில் பெரியவர்.

மறுநாள் தட்டுகளைத் திறந்தேன். மையவாடியை ஒட்டிய கிணறு ஒன்றில் ஒரு புள்ளியும் இல்லை. மற்றதில் மூன்று. தள்ளியிருந்த கிணற்றின் தட்டில் எண்ண முடியாத அளவுக்கு நீலம். விசாரித்தால், அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் பழைய கக்கூஸ் குழி. அறிக்கையின் குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதினேன்: மையவாடிக்கு அருகாமையில் இருப்பதற்கும் மாசுக்கும் தொடர்பு தென்படவில்லை.

எங்கள் மேலதிகாரி, நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், சிவப்புப் பேனையால் அதை வெட்டினார். நல்ல மனிதர். எனக்கு வேலை பழக்கியவர். "மூன்று கிணறு போதுமா? நீ ஒரு விஞ்ஞான ஆள் இல்லையா? எண்ணிக்கையை மட்டும் கொடு. இப்போது இந்த வரி அரசியலாகிவிடும்" என்றார். மூன்று கிணறு போதாதுதான். நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஒரேயொரு மாதிரியை வைத்துக்கொண்டே, அருகிலுள்ள மலக்குழியினால் இருக்கக்கூடும் என்று கிழமைக்கு நாலு அறிக்கையில் எழுதுகிறோம். மூன்று போதாது என்ற கண்டிப்பு அந்த ஒரு நாளில் மட்டும் எங்களுக்கு வந்தது.

அன்றிலிருந்து ஒரு வாசகம் எனக்குக் கசக்கிறது: முற்றாக இல்லையென்று சொல்லிவிட முடியாது. எங்கள் தொழிலில் அது மிக நேர்மையான வாசகம். எதையும் நூறு வீதம் உறுதி என்று நாங்கள் சொல்வதில்லை, அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறோம். அந்த அடக்கத்தை எடுத்து அரசியல் ஒரு சுவர் கட்டியது. முற்றாக இல்லையென்று சொல்ல முடியாது, ஆகவே எரி. அந்தச் சுவரில் என் கல்லும் ஒன்று இருக்கிறது. நான் எழுதாமல் விட்ட ஒரு வரியின் அளவுக்கு.

எல்லோரும் என்னைப்போல இருக்கவில்லை. இலங்கை மருத்துவச் சங்கம் அந்த மாதமே, புதைக்க அனுமதிக்கலாம் என்று பகிரங்கமாகச் சொன்னது. சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் சொன்னது. அப்படியும் விதி மாறவில்லை. பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோனார். அவர் போன மறுநாள், 25ஆம் திகதி, புதைக்கலாம் என்று புது வர்த்தமானி வந்தது. அந்த இரண்டு நாளில் நிலத்தடி நீர் எங்கே போனது என்று நான் யாரிடம் கேட்பேன்? புதைப்பதற்கு முதலில் காட்டிய இடம் இரணைதீவு. அங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்க மீனவச் சனங்கள் எதிர்த்தார்கள். அவர்களிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை. பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி. மார்ச் 5ஆம் திகதி முதல் அடக்கம். கொழும்பில் இறந்தவரையும் நாட்டின் மறு கரைக்குக் கொண்டுபோனார்கள். 3,600க்கு மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். முஸ்லிம்களோடு பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதே மண்ணில் கிடக்கிறார்கள்.

2024 ஜூலையில், கட்டாயமாக எரித்ததற்கு மன்னிப்புக் கேட்பதென்று அமைச்சரவை முடிவெடுத்தது. நானா அதற்கு முன்பே ஓய்வு பெற்று ஊர் வீட்டுக்குப் போய்விட்டார். செய்தியைப் பார்த்ததும் கோல் எடுத்தேன். அந்த அறிக்கையை உறையில் போட்டு ஒட்டியது அவர்தான், சிவப்புக் கோட்டைப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிச் சொல்லத்தான் எடுத்தேன்.

"பாத்தன் தம்பி, நியூஸ்ல போச்சு" என்றார். மாமி போன வருடம் மௌத்தானதைச் சொன்னார். அம்மாவை விசாரித்தார். நான் சொல்ல வந்ததைத் தொடங்குவதற்குள் அவரே சொன்னார்:

"அந்தச் சட்டிய மாமி மௌத்தாக முந்தி, எங்கட வளவுக்குள்ளயே தோண்டி வச்சிட்டன். கிணத்துல இருந்து அடி போட்டு அளந்துதான் வச்சன் தம்பி. நூறு அடி வரும்."