மருந்தில்லாத் துகளை முதலில் சோதியுங்கள்

நோயெதிர்ப்பைத் தூண்டவோ தணிக்கவோ பாலிமர் துகள் செய்யும்போது கவனமெல்லாம் உள்ளே வைக்கும் மருந்தின் மேலேயே போய்விடுகிறது. அந்நியப் பொருளை விழுங்கி நோயெதிர்ப்பைத் தொடங்கிவைக்கும் டென்ட்ரிடிக் செல்லுக்கு மருந்து எது, துகள் எது என்ற பாகுபாடு தெரியாது. துகளின் அளவு, மேற்பரப்பு மின்னூட்டம், ஒட்டிவந்த அசுத்தம் எல்லாவற்றுக்கும் அது எதிர்வினை காட்டும்.

பிஎல்ஜிஏ (உடலில் மெல்லச் சிதையும் பாலிமர்) துகளில் புரதம் ஏற்ற இரட்டைக் குழம்பு முறைதான் வழக்கம். 50 முதல் 100 மில்லிகிராம் பாலிமரை ஒன்றிரண்டு மில்லி டைகுளோரோமீத்தேனில் கரைத்து, புரதக் கரைசல் 0.1 மில்லி சேர்த்து சோனிகேட் செய்கிறோம் (மீயொலியால் கலக்குகிறோம்). அதை 2% பிவிஏ (குழம்பை நிலைப்படுத்தும் பாலிவினைல் ஆல்கஹால்) கரைசலில் ஊற்றி மறுபடி சோனிகேட் செய்து, கரைப்பான் ஆவியாகச் சில மணி நேரம் கலக்கி, மையவிலக்கில் மூன்று முறை கழுவுகிறோம். குழாய் பனிக்கட்டியில் இருந்தாக வேண்டும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும், புரதமும் கெடும். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்க்காமல் உறையுலர்த்தினால் துகள்கள் கட்டிதட்டும். 200 நானோமீட்டர் என்று குறித்து வைத்தது மைக்ரான் கணக்கில் ஊசியில் ஏறினால் செல்லுக்குள் போகும் வழியே மாறிவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது எண்டோடாக்சின், அதாவது சிலவகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும், நோயெதிர்ப்பைத் தூண்டும் நச்சு. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம், பழைய நீர், கண்ணாடிக் குடுவை எதிலிருந்தும் வரலாம். 121 டிகிரி ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும்; எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடியை 250 டிகிரியில் அரைமணி நேரம் உலர்சூட்டில் வைக்க வேண்டும். எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை 'சுத்தம்' என்றதும் நம்பிவிடவும் கூடாது. எண்டோடாக்சின் துகளில் ஒட்டிக்கொண்டால் அளவு குறைத்தே காட்டும். தெரிந்த அளவைக் கலந்து, 50 முதல் 200% வரை திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்தபின்பே அந்த எண்ணை ஏற்கலாம். மில்லிக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே மனித மோனோசைட்டுகள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கும். அதை 'துகளின் தூண்டல்' என்று எழுதிவிடுவது எளிது.

பிஎல்ஜிஏவும் சும்மா இருப்பதில்லை. எண்டோடாக்சினால் ஏற்கெனவே தூண்டப்பட்ட செல்லில் அது இன்ஃப்ளமசோம் என்ற, அழற்சியைக் கிளப்பும் புரதத் தொகுப்பை எழுப்பி, ஐஎல்-1 பீட்டா என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தைக் கூட்டும். சிதைந்து வெளிவரும் லாக்டிக் அமிலமோ டென்ட்ரிடிக் செல்லின் முதிர்ச்சியைக் குறைக்கக்கூடும். நோயெதிர்ப்பை அடக்கும் ராபமைசின் மருந்தேற்றிய துகளில், குறிப்பிட்ட பொருளுக்கு மட்டுமான சகிப்புத்தன்மை கிடைத்ததாகச் சொல்லுமுன் முதல் 24 மணி நேரக் கசிவை அளக்க வேண்டும். மேற்பரப்பிலிருந்து ஒரேயடியாக வெளியேறிய மருந்து பொதுவான அடக்குதலைத் தந்திருக்கலாம்.

ஆகவே வெறும் மருந்து, வெற்றுத் துகள், இரண்டையும் வெளியே கலந்தது, மருந்தேற்றிய துகள் என்று நான்கு குழுக்கள் வேண்டும். மருந்தின் அளவை மட்டும் சமப்படுத்தினால் போதாது. மருந்தேற்றம் தொகுதிக்குத் தொகுதி மாறும் என்பதால், வெற்றுத் துகளின் பாலிமர் எடையையும் அந்தந்தத் தொகுதிக்கு ஈடாக ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.