முட்டி தேய்ந்தவர்கள் எடை தூக்கலாமா?

முட்டி தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்ன நாளிலிருந்து சுற்றியிருக்கிற எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். மாடி ஏறாதே, தரையில் உட்காராதே, கனம் தூக்காதே, இந்தத் தைலத்தைத் தேய்த்துப் பார். இதில் கனம் தூக்காதே என்பதோடுதான் எனக்குத் தகராறு. இரண்டு முட்டியிலும் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ், அதாவது மூட்டுத் தேய்மானம் உள்ள, ஐம்பதைத் தாண்டிய பெண் நான், ஜிம்மில் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் போடுகிறேன். காலேஜ் பையன்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்தால் முன்தொடைத் தசை இளைத்துவிடும். படி இறங்கும்போது உடம்பின் பளுவைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதே அதுதான். அது சோர்ந்தால் மூட்டுக்குச் சுமை, சுமை கூடினால் வலி, வலித்தால் இன்னும் அசைக்க மாட்டோம், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்கு ஊட்டம், மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அது உள்ளே போய் வரும்.

ஆரம்பிக்க ஜிம்மெல்லாம் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். முடியவில்லையா, தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள், தசைக்குப் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. அது சுலபமானதும் தலையணையை எடுத்துவிட்டு, கைக்கொரு தண்ணீர் பாட்டில், அப்புறம் டம்பெல். மூச்சை அடக்காதீர்கள், குறிப்பாக பிரஷர் உள்ளவர்கள். முழுசாகக் குந்தி எழும் ஸ்குவாட் வலித்தால் வலிக்காத ஆழம் வரை போனால் போதும், முழுசாகக் குந்தச் சொல்லி ட்ரெய்னர் வற்புறுத்தினால் ட்ரெய்னரை மாற்றுங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். எவ்வளவு வரை சரி? மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்காக டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய கிளாட் (GLA:D) என்ற பயிற்சித் திட்டத்தில் சொல்லித்தரும் அளவுகோலைத்தான் நானும் வைத்திருக்கிறேன்: பத்துக்கு ஐந்து வரை வலி பரவாயில்லை, ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ வீங்கினாலோ எடையைக் குறைக்க வேண்டும். குறைக்கத்தான் சொல்கிறேன், நிறுத்த இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ள 377 பேரை 18 மாதம் வைத்து நடத்திய ஒரு சோதனை 2021-இல் வெளிவந்தது. அதிக எடை தூக்கியவர்கள், குறைந்த எடை தூக்கியவர்கள், உடற்பயிற்சி இல்லாமல் ஆரோக்கிய வகுப்புக்கு மட்டும் வந்தவர்கள், மூன்று குழுவிலும் வலி குறைந்ததில் பெரிய வித்தியாசமே இல்லை. இதைப் படித்ததும் எனக்குச் சப்பென்று போனது உண்மைதான். ஆனால் அதிக எடை தூக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்றுதானே ஆகிறது? வேறு பல சோதனைகளில் பயிற்சியால் ஓரளவு வலியும் குறைந்து நடமாட்டமும் தேறியிருக்கிறது. எனக்கு வேண்டியது யார் கையையும் பிடிக்காமல் பஸ் படி ஏறுவது. உடம்பு எடையும் குறைந்தால் இன்னும் நல்லது, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ சுமை குறைகிறதாம்.

முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு உள்ளவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. நோய் கட்டுக்குள் இருக்கும்போது அவர்களும் எடை தூக்கலாம். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் பளு வேண்டாம், மெதுவாக மடக்கி நீட்டினால் போதும். கழுத்து எலும்பில் பாதிப்பு இருக்கிறதா என்று ருமட்டாலஜிஸ்டிடம், அதாவது மூட்டுவாத டாக்டரிடம், கேட்காமல் தலைக்கு மேல் தூக்குவது, தோளில் பார்பெல் என்ற நீளக் கம்பி எடையை வைப்பது இதெல்லாம் கூடாது. விரல் மடங்காதவர்கள் டம்பெல்லை இறுக்கிப் பிடித்துக் கஷ்டப்படவும் வேண்டாம், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிக்கொள்ளும் எடைப் பட்டைகள் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன, அரைக் கிலோவிலிருந்து.