போர்க்களம் பார்க்காத போர் ஓவியர்

ஜூன் 3

எலிசபெத் தாம்சன் வரைந்த ‘தி ரோல் கால்’ ஓவியத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் கூட்டாளிகளும் 1850களில் நடத்திய கிரிமியப் போர், பனிக்காலம். சண்டை ஓய்ந்துவிட்டது. கரடித்தோல் தொப்பி போட்ட சிப்பாய்கள் வரிசையில் நிற்க, யார் யார் மிச்சம் என்று பெயர் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒருவன் பனியில் குப்புற விழுந்து கிடக்கிறான். பக்கத்தில் இருப்பவன் குனிந்து உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறான். ஜெயித்தார்களா தோற்றார்களா என்பது அந்த முகங்களை வைத்துச் சொல்லவே முடியாது.

1874இல் லண்டனில், ராயல் அகாடமி என்ற கலை அமைப்பின் கண்காட்சியில் இதைப் பார்க்க வந்த கூட்டத்தின் நெரிசலில், படத்துக்குக் காவலாக ஒரு போலீஸ்காரரை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் விக்டோரியா மகாராணியே வாங்கிக்கொண்டார். வரைந்தவருக்கு அப்போது 27 வயது!

ஜூன் 5

இத்தனைக்கும் அவர் போர்க்களத்தை நேரில் கண்டதில்லை. ஆனால் ஒப்பேற்றுகிற ஆளும் இல்லை. அடுத்த ஆண்டு, நெப்போலியன் படையோடு 1815இல் நடந்த சண்டையைக் காட்டும் ‘குவாட்ர பிரா’ ஓவியத்துக்காக ராயல் இன்ஜினியர்ஸ் படையினர் 300 பேர் சதுர வியூகத்தில் நின்று காட்டினார்கள். மிதிபட்ட ரை பயிர் எப்படிக் கிடக்கும் என்று பார்க்கப் பிள்ளைகளை விட்டு வயலை மிதிக்கச் சொன்னாராம். அவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

பெண்களால் ஓவியம் வரைய முடியாது என்று சொல்லிவந்த விமர்சகர் ரஸ்கின், இந்தப் படத்தைப் பார்த்ததும் தான் சொன்னது தப்பு என்று எழுதினார். பெருந்தன்மை என்கிறார்கள். முதலிலேயே அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

ஜூன் 9

1879இல் தாம்சன் அகாடமியின் இணை உறுப்பினர் தேர்தலில் இரண்டே வாக்கில் தோற்றார். 1768இல் அகாடமியைத் தொடங்கியவர்களிலேயே இரண்டு பெண்கள் உண்டு. அதற்கப்புறம் ஒரு பெண் முழு உறுப்பினராகத் தேர்வானது 1936இல், லாரா நைட். தாம்சன் 1933இலேயே காலமாகிவிட்டார்.

தோற்ற அதே ஆண்டில்தான் ‘தி ரெம்னன்ட்ஸ் ஆஃப் ஆன் ஆர்மி’ வந்தது. 1842இல் காபூலிலிருந்து பின்வாங்கி அழிந்த பிரிட்டிஷ் படையிலிருந்து தப்பிய ராணுவ மருத்துவர் பிரைடன் ஜலாலாபாத் வந்துசேரும் காட்சி. ஆள் சேணத்தில் சாய்ந்து கிடக்கிறார், குதிரைக்கு அடுத்த அடி வைக்கத் தெம்பில்லை. அந்தச் சமயம் ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் மறுபடியும் போர் நடத்திக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குதிரைப்படை பாய்ந்து வரும் ‘ஸ்காட்லாந்து ஃபார் எவர்!’ வரைந்ததும் இவர்தான், சரி. அதை மட்டும் பார்த்துவிட்டு சாம்ராஜ்யத்துக்கு ஜால்ரா போட்டவர் என்று ஒதுக்குகிறவர்கள், இந்தக் குதிரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.